1948: இலண்டனில் ஒரு விவாதம், மலாயாவில் ஒரு சட்டம்

1948 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 14 ஆம் நாள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையில் ஒரு வாக்கெடுப்பு நடைபெற்றது. கொலைக் குற்றத்திற்குத் தூக்குத் தண்டனை விதிப்பதை ஐந்தாண்டுக் காலத்திற்கு நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அவையின்முன் வைக்கப்பட்ட திருத்தம். 245 உறுப்பினர்கள் ஆதரித்தனர். 222 பேர் எதிர்த்தனர். அவையில் இருந்தோருள் பலருக்கே அம்முடிவு வியப்பை அளித்தது. தூக்குக் கயிற்றை நீதியின் ஒரு பகுதியாகவே எண்ணிப் பழகிய ஒரு நாட்டில், அக்கயிறு இல்லாமலும் நீதி நிலைபெறும் என்று மக்களின் பேராளர்கள் பெரும்பான்மையாகக் கூறியது சிறிய செய்தியன்று.

அந்நாளிலிருந்து பத்து வாரங்கள் கழிவதற்குள், அதே பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட மலாயாக் கூட்டரசில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன்கீழ்ப் பிறந்த விதிகளுள் ஒன்று, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு மரணமே தண்டனை என்றது. அவன் எவரையும் கொன்றிருக்க வேண்டியதில்லை, சுட்டிருக்கவும் வேண்டியதில்லை. கையில் இருந்ததே போதும். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் குறைந்த தண்டனை வழங்க நீதிபதிக்கும் உரிமையில்லை. கொலை செய்தவனைக்கூடத் தூக்கிலிடலாமா என்று இலண்டன் தயங்கிய அதே ஆண்டில், கொலை செய்யாதவனையும் தூக்கிலிடலாம் என்று கோலாலம்பூரில் எழுதப்பட்டது. மரண தண்டனை பற்றிய விவாத வரலாற்றை எழுதியோர் பலர் முதல் நிகழ்ச்சியை விரிவாகப் பேசுவர். இரண்டாவது நிகழ்ச்சியை அவர்கள் பெரும்பாலும் வேறொரு நூலுக்குரிய செய்தியாக ஒதுக்கிவிடுவர். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தால்தான் அவ்விவாதத்தின் முழு உருவம் புலப்படும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் சட்டப் புத்தகத்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் இருநூற்றுக்கும் மேல் இருந்தன. கடையிலிருந்து ஐந்து ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடுவதும் அவற்றுள் அடங்கும். சர் சாமுவேல் ரோமிலி போன்ற சீர்திருத்தவாதிகள் ஒவ்வொரு குற்றமாக அப்பட்டியலிலிருந்து நீக்கப் போராடினர். 1861 ஆம் ஆண்டளவில் அது நான்காகச் சுருங்கியது. 1868 ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிடும் வழக்கம் நின்று, அச்செயல் சிறைச் சுவர்களுக்குள் சென்றது. எஞ்சியது கொலைக் குற்றத்திற்கான தண்டனையே. இருபதாம் நூற்றாண்டின் விவாதம் முழுவதும் அதனைச் சுற்றியே சுழன்றது.

1948 ஆம் ஆண்டுத் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் சிட்னி சில்வர்மன். லிவர்பூல் நகரில் எளிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்துச் சிறை சென்றவர். சிறையின் உட்புறத்தைத் தாமே கண்டவர் என்பதனால் அவர் சொற்களுக்குத் தனி வலிமை இருந்தது. அவருக்கு எதிர்த்தரப்பில் நின்றவர் உள்துறை அமைச்சர் சட்டர் ஈட். கொலைகாரனின் துப்பாக்கிக்கு அஞ்சிப் பணிபுரியும் காவலரைப் பற்றியும், போருக்குப்பின் பெருகிய வன்முறையைப் பற்றியும் ஈட் பேசினார். அவை வேறு முடிவெடுத்தபோது, சட்டம் இறுதி வடிவம் பெறும்வரை மரண தண்டனை பெற்ற ஒவ்வொருவருக்கும் தண்டனைக் குறைப்பைப் பரிந்துரைக்கப் போவதாக அவரே அறிவித்தார். அவ்விடைக்காலத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிருந்து தப்பினர்.

ஆனால் ஜூன் 2 ஆம் நாள் பிரபுக்கள் சபை அத்திருத்தத்தை 28 வாக்குகளுக்கு எதிராக 181 வாக்குகளால் தள்ளிவிட்டது. தலைமை நீதிபதி கொடார்டு பிரபு அங்கே தூக்குத் தண்டனையின் பக்கம் வன்மையாகப் பேசினார். நவம்பரில் ஆங்கிலச் சிறைகளில் தூக்குமேடைகள் மீண்டும் இயங்கலாயின. அரசாங்கம் இச்சிக்கலை 1949 ஆம் ஆண்டில் சர் எர்னஸ்டு கவர்ஸ் தலைமையிலான அரச ஆணையம் ஒன்றிடம் ஒப்படைத்தது. மரண தண்டனையைச் சுருக்கலாமா, திருத்தலாமா என்று மட்டும் அவ்வாணையம் ஆராயலாம். ஒழிக்கலாமா என்று ஆராய அதற்கு அதிகாரமில்லை! நான்காண்டுக் காலம் அது சான்றுகளைக் கேட்டது. கயிற்றின் நீளம் முதற்கொண்டு மனநோயாளியின் பொறுப்பு வரை ஆராய்ந்தது. தோல்வியுற்ற ஒரு திருத்தத்திற்குக்கூட இத்தகைய நீண்ட உரையாடல் கிடைத்தது என்பதை இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மலாயாவுக்கு அத்தகைய உரையாடல் எதுவும் வாய்க்கவில்லை. ஜூன் 16 ஆம் நாள் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜூன் 18 ஆம் நாள் கூட்டரசு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பின்னர் இயற்றப்பட்ட அவசரகாலச் சட்டம், வேண்டிய விதிகளை வகுக்கவும் அவற்றுக்கு மரணம் வரையிலான தண்டனைகளை விதிக்கவும் பிரிட்டிஷ் உயர் ஆணையருக்கு அதிகாரமளித்தது. அந்நாளையக் கூட்டரசுச் சட்டமன்றத்தில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. மலாயா மக்கள் முதன்முதலாகக் கூட்டரசுத் தேர்தலில் வாக்களித்தது 1955 ஆம் ஆண்டில்தான். துப்பாக்கிச் சட்டத்தை ஆதரித்து எத்தனை பேர், எதிர்த்து எத்தனை பேர் என்று மக்களின் பெயரால் எண்ணிச் சொல்ல இங்கே வழியே இல்லை.

எனினும், அச்சட்டத்தை வகுத்தோரின் தரப்பை முற்றிலும் தள்ளிவிடுவது நேர்மையாகாது. காட்டுப் போர் கொடியது. அதன் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 2,500 பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அவர்களுள் தோட்டக் கிராணிகளும் கங்காணிகளும் சிற்றூர் மக்களும் இருந்தனர். ஆயுதம் ஏந்தியவன் கையும் களவுமாகப் பிடிபட்டால், அவன் செய்த கொலைக்குச் சாட்சி கிடைப்பது அரிது. சாட்சி சொல்ல எவரும் முன்வரார். ஆகவே ஆயுதத்தையே குற்றமாக்கினால் வழக்கு எளிதாகும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு எளிமையானதுதான். அவ்வெளிமையே அதன் ஆபத்து. ஒருவன் என்ன செய்தான் என்ற வினா மறைந்து, அவனிடம் என்ன இருந்தது என்ற வினா மட்டும் நீதிமன்றத்தில் எஞ்சியது. அவ்வொரு வினாவுக்குக் கிடைத்த விடை ஓர் உயிரின் விலையாயிற்று. அவசரகாலத்தில் 200க்கும் மேற்பட்டோர் மலாயாவில் தூக்கிலிடப்பட்டனர். அதே காலத்தில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்டொன்றுக்குச் சராசரி பத்துப் பதினைந்து பேர் தூக்கிலிடப்பட்டதற்கே பெருங்கூக்குரல் எழுந்தது. மக்கள்தொகையில் மலாயா அந்நாட்டில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

இச்சட்டத்தின்கீழ் மாண்டோருள் தமிழர் என்றும் மறவாத பெயர் எஸ். ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து, இளம் வயதிலேயே சிங்கப்பூர் வந்து சேர்ந்தவர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியவர். போருக்குப்பின் தொழிற்சங்க இயக்கத்தில் முழுமூச்சாக இறங்கினார். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். சீனரும் இந்தியரும் மலாய்க்காரரும் உறுப்பினராயிருந்த ஒரு பேரமைப்புக்குத் தமிழர் ஒருவர் தலைமை தாங்கியது அந்நாளில் பெருமைக்குரிய செய்தியாகும். துரை முன்னிலையில் செருப்பணியவும் மிதிவண்டியில் அமர்ந்து செல்லவும் தயங்கிய ஒரு தலைமுறைத் தோட்டத் தொழிலாளி, கூலி உயர்வைக் கேட்டு நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொண்டது அவ்வாண்டுகளில்தான்.

அச்சம்மேளனத்தின் பின்னால் மலாயாக் கம்யூனிஸ்டு கட்சி இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. வெவ்வேறு தொழில்களைச் சார்ந்த சங்கங்கள் ஒரே சம்மேளனமாக இணைவது அதன்படி தடைப்பட்டது. ஜூன் 13 ஆம் நாள் சம்மேளனத்தின் பதிவு நீக்கப்பட்டது. நாள்களை வரிசைப்படுத்திப் பார்ப்போர், சுங்கை சிப்புட்டில் துப்பாக்கி வெடித்ததற்கு மூன்று நாள்களுக்கு முன்னரே இது நடந்தது என்பதைக் கவனிக்கத் தவறார். அவசரகாலம் வந்ததும் சங்கத் தலைவர்கள் பலர் சிறைப்பட்டனர். வேறு பலர் தலைமறைவாயினர். கணபதி இரண்டாம் வகையினர்.

1949 ஆம் ஆண்டு மார்ச் 1 ஆம் நாள், சிலாங்கூரில் ரவாங்கை அடுத்த வாட்டர்பால் தோட்டத்தில் அவர் கைது செய்யப்பட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன என்பது குற்றச்சாட்டு. அவற்றைக் கண்டெடுத்ததாகவும், காவல்துறையிடம் ஒப்படைக்கும் எண்ணத்துடனேயே கொண்டு சென்றதாகவும் அவர் தரப்பு கூறியது. மார்ச் 15 ஆம் நாள் கோலாலம்பூரில் விசாரணை நடந்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. மே 4 ஆம் நாள் விடியற்காலையில் புடு சிறைச்சாலையில் அவர் தூக்கிலிடப்பட்டார். பிடிபட்ட நாளுக்கும் உயிர்போன நாளுக்கும் இடையே அறுபத்து நான்கு நாள்களே இருந்தன.

அவ்வறுபத்து நான்கு நாள்களுக்குள் அவரைக் காக்க நடந்த முயற்சிகள் சிறியனவல்ல. மலாயாவில் இந்திய அரசின் பேராளராயிருந்த ஜான் திவி கருணை வேண்டினார். மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவராய் விளங்கியவர் அவர். இலண்டனில் இந்தியத் தூதர் வி. கே. கிருஷ்ணமேனன் பிரிட்டிஷ் அரசிடம் பேசினார். புது டில்லியில் நேருவின் அரசாங்கம் தண்டனைக் குறைப்பைக் கோரியது. ஆனால் 1948 ஆம் ஆண்டுக் கூட்டரசு உடன்படிக்கையின்படி மன்னிக்கும் உரிமை அந்தந்த மாநில ஆட்சியாளருடையது. ஆதலின் சிலாங்கூர்ச் சுல்தானே முடிவு செய்ய வேண்டும் என்றும், தாங்கள் குறுக்கிடுவதற்கில்லை என்றும் இலண்டன் கைவிரித்தது. சட்டத்தை வகுத்தவர் உயர் ஆணையர். சிறையை நடத்தியது அவருடைய நிர்வாகம். கருணை மட்டும் சுல்தானின் பொறுப்பு. கேட்பதற்கு முறையாகத்தான் இருந்தது.

அவ்வேளையில் இலண்டனில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். 1949 ஏப்ரல் இறுதியில் காமன்வெல்த்துப் பிரதமர்கள் மாநாடு அங்கே கூடியது. இந்தியா குடியரசாகிய பின்னரும் காமன்வெல்த்தில் நீடிக்கலாம் என்று அம்மாநாடு முடிவு செய்தது. நேரு அதனைத் தம் நாட்டினரிடம் பெரும் வெற்றியாக எடுத்துரைக்க வேண்டியிருந்தது. அறிக்கை வெளிவந்த அடுத்த வாரமே, அவருடைய அரசு உயிர்ப்பிச்சை கேட்ட ஒருவர் தூக்கிலிடப்பட்டார். இந்தியச் செய்தித்தாள்கள் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. தூக்கிலிடப்பட்டதற்கு முந்திய நாளான மே 3 இல், கணபதியின் தோழரும் சம்மேளனத் தலைவர்களுள் ஒருவருமான வீரசேனன் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஒரே நாள் இடைவெளியில் மலாயாத் தமிழ்த் தொழிலாளர் இரு தலைவர்களை இழந்தனர்.

அதே செப்டம்பரில் அரசாங்கம் சரணடைவோர்க்குப் புதிய சலுகைகளை அறிவித்தது. கொலை முதலிய கொடுஞ்செயல்களில் நேரடித் தொடர்பில்லாதவர்கள் தாமாகச் சரணடைந்தால், ஆயுதம் வைத்திருந்தமைக்காக அவர்கள்மீது மரண தண்டனைக்குரிய வழக்குத் தொடரப்படாது என்றது அச்சலுகை. காட்டிலிருப்பவன் தூக்குக்கு அஞ்சியே வெளிவர மறுக்கிறான் என்பதை அரசாங்கமே உணர்ந்துகொண்டது போலும்! குற்றத்தைத் தடுக்கும் என்று எண்ணி வைத்த கயிறு, சரணடைவதைத் தடுத்துக்கொண்டிருந்தது. அவ்வுணர்வு நான்கு திங்களுக்கு முன்னர்த் தோன்றியிருந்தால் புடு சிறையில் மே 4 ஆம் நாள் விடியல் வேறுவிதமாக இருந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. கணபதி சரணடைந்தவரல்லர், பிடிபட்டவர். ஆயினும் அவரைக் கொன்ற விதியின் கடுமை அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே தளர்ந்தது என்பது வரலாறு.

கருணை கேட்ட நாட்டின் நிலையும் அத்துணைத் தெளிவானதன்று. கணபதி மாண்ட ஒரு திங்கள் கழித்து, ஜூன் 3 ஆம் நாள், இந்திய அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் பேசினார். மரண தண்டனை வழக்குகளில் உச்ச நீதிமன்றத்திற்கு மேல்முறையீடு செய்யும் உரிமையை விவாதிக்கையில், அதனினும் மரண தண்டனையையே ஒழிப்பதைத் தாம் விரும்புவதாக அவர் கூறினார். அகிம்சையை அறமாகக் கொண்ட நாட்டிற்கு அதுவே பொருந்தும் என்பது அவர் கருத்து. சபை அவ்வழியிற் செல்லவில்லை. அவ்வாண்டு நவம்பர் 15 ஆம் நாள் காந்தியடிகளைக் கொன்ற கோட்சே தூக்கிலிடப்பட்டான். காந்தியடிகளின் மக்கள் மணிலாலும் இராமதாசும் அவனுக்காகக் கருணை வேண்டியும் இந்திய அரசு இசையவில்லை. பிறர் கையிலுள்ள கயிற்றைக் கண்டு பதறுவதும், தன் கையிலுள்ள கயிற்றை நீதி என்பதும் அரசுகளுக்குப் பொதுவான இயல்பு.

தமிழ் இலக்கியமும் இவ்வினாவுக்கு ஒரே விடையைத் தந்துவிடவில்லை. செங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர், கொடியோரைக் கொலையால் ஒறுப்பதைப் பயிரைக் காக்கக் களையெடுப்பதற்கு ஒப்பிடுகிறார். மரண தண்டனையை ஆதரிப்போர் மேடைதோறும் எடுத்தாளும் குறள் அது. சிலப்பதிகாரமோ வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. கோவலன் கொலையுண்டது, கள்வனுக்கு மரண தண்டனை உண்டு என்ற சட்டத்தால் மட்டுமன்று. பொற்கொல்லன் சொன்னதைக் கேட்ட பாண்டியன், தேவியின் ஊடலைத் தீர்க்கும் விரைவில் ஆராயாமல் ஆணையிட்டான். சிலம்பை உடைத்துப் பார்க்கும் சிறுபொழுது முன்னரே கிடைத்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். உண்மை வந்து சேர்ந்தபோது கோவலன் இல்லை. அதை அறிந்த அரசனும் உயிரோடிருக்கவில்லை. மாணவர்க்கு அக்காதையைக் கற்பிக்கும்போது கண்ணகியின் சீற்றத்திலேயே நின்றுவிடுவது வழக்கம். அந்த விரைவும் பாடத்திற்கு உரியதே.

விரைவுக்கு எதிர்ப்புறம் என்ன நிகழக்கூடும் என்பதற்குக் கணபதியின் காலத்திலேயே, அதே விதியின்கீழ் நடந்த மற்றொரு தமிழரின் வழக்கு சான்றாகும். அவர் பெயர் சம்பசிவம். 1948 செப்டம்பரில் ஜொகூரில் நடந்த ஒரு மோதலில் காயமுற்றுப் பிடிபட்டார். துப்பாக்கி வைத்திருந்தது ஒரு குற்றச்சாட்டு. தோட்டாக்கள் வைத்திருந்தது மற்றொன்று. அந்நாளில் கூட்டரசு நீதிமன்றங்களில் இத்தகைய வழக்குகளை ஜூரிகள் கேட்பதில்லை. அசெசர்கள் எனப்படும் இருவர் நீதிபதியுடன் அமர்ந்து தம் கருத்தைச் சொல்வர். முதல் விசாரணையின் முடிவில் தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து சம்பசிவம் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றச்சாட்டில் நீதிபதியின் கருத்தும் அசெசர்களின் கருத்தும் மாறுபட்டமையால், வேறு அசெசர்களைக் கொண்டு மறுவிசாரணை நடந்தது. அதில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கூட்டரசின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

வழக்கு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. ஆங்கே நீதிபதிகள் கண்டது நுட்பமானதொரு பிழை. சம்பசிவம் கொடுத்ததாகக் கூறப்பட்ட வாக்குமூலம் ஒன்றை அரசுத் தரப்பு மறுவிசாரணையில் சான்றாக வைத்தது. துப்பாக்கியோடு தோட்டாக்களும் தம்மிடம் இருந்ததாக அவ்வாக்குமூலம் கூறியது. தோட்டாக்களைப் பொறுத்தவரை அவர் குற்றமற்றவர் என்று முன்னரே தீர்ப்பாகியிருந்தது. அச்செய்தி புதிய அசெசர்களுக்கு எடுத்துச் சொல்லப்படவில்லை. ஒரு பாதி பொய்யென்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட வாக்குமூலத்தின் மறுபாதியைக் கொண்டு ஒருவரைத் தூக்கிலிடுவது எங்ஙனம்? குற்றமற்றவர் என்ற தீர்ப்பு, அதே குற்றத்திற்காக மீண்டும் விசாரிப்பதைத் தடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. அவ்விரு தரப்புக்கும் இடையே பின்வரும் நடவடிக்கைகள் எல்லாவற்றிலும் அது கட்டுப்படுத்தும் என்று மக்டெர்மட் பிரபு தீர்ப்பெழுதினார். 1950 ஆம் ஆண்டில் தண்டனை நீக்கப்பட்டது.

அத்தீர்ப்பு சட்ட உலகில் நிலைபெற்றுவிட்டது. 1956 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதனைப் பின்பற்றியது. காமன்வெல்த்து நாடுகளின் சட்டக் கல்லூரிகளில் 'சம்பசிவம் வழக்கு' என்ற பெயரை அறியாத மாணவர் அரியர். அப்பெயர் மலாயாவில் தூக்குமேடையின் நிழலில் நின்ற ஒரு தமிழருடையது என்பதைத் தமிழ் மாணவர்கள் அறிந்திருப்பதுதான் அரிது. அவரைக் காத்தது கருணையன்று, காலம். பிடிபட்டது முதல் விடுவிக்கப்பட்டது வரை ஓராண்டுக்கு மேற்பட்ட காலம், அசெசர்களின் மாறுபட்ட கருத்து, இரு விசாரணைகள், மேல்முறையீடுகள் ஆகியவற்றிற்கு இடமளித்த காலம். கணபதிக்குக் கிடைத்தது அறுபத்து நான்கு நாள். இருவரின் வழக்குகளும் ஒரே தன்மையன என்று கூறுவதற்கில்லை. ஆனால் ஒரு வழக்கில் பிழை இருந்ததா என்பதை ஆராயவும் காலம் வேண்டும் என்பதில் ஐயமில்லை.

இங்கிலாந்தின் விவாதமும் இறுதியில் இதே இடத்திற்குத்தான் வந்து சேர்ந்தது. சம்பசிவம் தப்பிய அதே 1950 ஆம் ஆண்டு, மார்ச் 9 ஆம் நாள், திமத்தி எவன்ஸ் என்ற இளைஞன் இலண்டனில் தூக்கிலிடப்பட்டான். தன் குழந்தையைக் கொன்றான் என்பது அவன்மேல் சுமத்தப்பட்ட குற்றம். மூன்றாண்டு கழிந்து, அவனுடைய வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியாக நின்ற ஜான் கிறிஸ்டி என்பவன் அதே வீட்டில் பல பெண்களைக் கொன்றவன் என்பது வெளிப்பட்டது. எவன்சின் மனைவியைக் கொன்றதையும் அவன் ஒப்புக்கொண்டான். எவன்சுக்குத் தண்டனைக் குறைப்பு மறுத்த உள்துறை அமைச்சர் வேறு எவருமல்லர். 1948 இல் சில்வர்மனை எதிர்த்துப் பேசிய சட்டர் ஈட்தாம். அவர் பின்னர் நாடாளுமன்றத்தில் எழுந்து தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, மரண தண்டனையை ஒழிப்போர் பக்கம் சேர்ந்தார். பாண்டியனைப் போல் அரியணையிலிருந்து வீழ்ந்து மாளவில்லை. ஆயினும் அரசியலில் இருப்போர் அங்ஙனம் கூறுவது நாள்தோறும் நிகழ்வதன்று. சில்வர்மன் தளரவில்லை. 1965 ஆம் ஆண்டில் அவர் கொண்டுவந்த சட்டமே கொலைக்கான தூக்குத் தண்டனையை நிறுத்தியது. 1969 இல் அது நிலையாக்கப்பட்டது. எவன்சுக்கு 1966 இல் இறந்தபின் மன்னிப்பு வழங்கப்பட்டது.

மலாயாவிலும் கருணை ஒருமுறை வென்றது. 1952 இல் ஈப்போவில் பிடிபட்ட லீ மெங் என்ற சீனப் பெண், கையெறிகுண்டு வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். முதல் விசாரணையில் அசெசர் இருவரும் அவர் குற்றமற்றவர் என்றனர். நீதிபதி அதனை ஏற்காமல் மறுவிசாரணைக்கு ஆணையிட்டார். அவ்விசாரணையில் ஆசிய அசெசர் குற்றமற்றவர் என்றார். ஐரோப்பிய அசெசர் குற்றவாளி என்றார். நீதிபதி பின்னவரோடு உடன்பட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஹங்கேரி அரசு தன் சிறையிலிருந்த பிரிட்டிஷ் வணிகர் ஒருவரைக் கொடுத்து அவரைப் பெற்றுக்கொள்ள முன்வந்தது. பிரிட்டன் அதனை மறுத்தது. ஆனால் 1953 இல் பேராக் சுல்தான் அவருடைய தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தார். நான்காண்டுக்கு முன்னர் சிலாங்கூரில் திறவாத கதவு பேராக்கில் திறந்தது.

1957 இல் நாடு விடுதலை பெற்றது. 1960 ஜூலை இறுதியில் அவசரகாலம் முடிவுற்றது. அதற்கு மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. பாதுகாப்புப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடத்தில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போர்க்கு மரணம் என்ற பழைய விதி, 57 ஆம் பிரிவாக அதிற் குடியேறியது. வகுத்தவர் சென்றுவிட்டனர், விதி தங்கிவிட்டது. 1977 இல் பினாங்கில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அப்பிரிவின்படி மரண தண்டனை விதிக்கப்பட்டபோதுதான் நாடு திடுக்குற்றது. குற்றவாளி என்று கண்டபின் வேறு தண்டனை வழங்க நீதிபதிக்குச் சட்டம் இடந்தரவில்லை. சிறார் என்ற காப்பும் 1975 ஆம் ஆண்டுப் பாதுகாப்பு வழக்கு விதிகளின்முன் செல்லவில்லை. நாட்டின் உள்ளும் புறமும் கண்டனம் எழுந்தபின் அத்தண்டனை குறைக்கப்பட்டது. அவ்வாண்டு மலேசிய வழக்கறிஞர் மன்றம் அவ்விதிகளின்கீழ் நடைபெறும் வழக்குகளில் தோன்றுவதில்லை என்று முடிவெடுத்தது. மலாயாவில் 1948 இல் நடக்காத விவாதம் இருபத்தொன்பது ஆண்டு தாமதித்து, ஒரு சிறுவனின் உயிரை முன்வைத்துத் தொடங்கியது எனலாம்.

விவாதம் தொடங்கியதே தவிரக் கயிறு சுருங்கவில்லை. 1983 இல் போதைப்பொருள் கடத்தலுக்கும் மரணம் கட்டாய தண்டனையாயிற்று. பின்னர்த் தூக்கிலிடப்பட்டோரில் மிகப் பலர் அச்சட்டத்தின்கீழ் வந்தோரே. போதைப்பொருளால் பிள்ளைகளை இழந்த பெற்றோரும், கொலையுண்டோரின் குடும்பத்தாரும் தண்டனையைத் தளர்த்தலாகாது என்று இறைஞ்சினர். அவர்களுடைய கண்ணீரைச் சட்டவாதம் பேசி ஒதுக்கிவிட எவராலும் இயலவில்லை. 2018 இல் அரசாங்கம் மரண தண்டனையை முற்றிலும் ஒழிப்பதாக அறிவித்துப் பின்வாங்கியதற்கும் அதுவே காரணமாயிற்று.

உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012 இல் நீக்கப்பட்டது. கணபதியைக் கொன்ற விதியின் வழித்தோன்றலான 57 ஆம் பிரிவும் அதனுடன் மறைந்தது. 2023 ஏப்ரலில் மலேசிய நாடாளுமன்றம் கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஜூலை 4 முதல் அது நடப்புக்கு வந்தது. மரண தண்டனை சட்டத்தில் இன்னும் உண்டு. ஆனால் அதனை விதிப்பதா, நீண்டகாலச் சிறையும் பிரம்படியும் விதிப்பதா என்று ஆராயும் உரிமை நீதிபதிக்குத் திரும்பக் கிடைத்தது. முன்னரே தண்டனை பெற்றுக் காத்திருந்தோரும் தம் தண்டனையை மறுஆய்வு செய்யுமாறு கூட்டரசு நீதிமன்றத்தை நாட வழிசெய்யப்பட்டது. அதற்குள் புடு சிறைச்சாலை இல்லை. 1996 இல் மூடப்பட்டு, 2010 முதல் அதன் மதில்கள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் பேரங்காடி எழுந்துவிட்டது. பழைய நுழைவாயில் மட்டும் சாலையோரத்தில் விட்டு வைக்கப்பட்டுள்ளது.